கட்டைவிரல் ஜெபம்

1

என் முகத்தில் ஒரு தெய்வக் களை இருக்கிறது என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஐம்பதைத் தாண்டிய, முன்மண்டை காலியான, உளுந்துத் தரகு பார்க்கிற ஒருவனின் முகத்தைப் பார்த்து ரங்கூனில் ஒரு சூதாட்ட விடுதியே பக்தியில் உருகியது என்று மனதார நம்பினேன். நான் சீட்டு மேசையில் உட்கார்ந்தால் டீலர் பெண்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். மேனேஜர் ஊ சோ மிண்ட், "ஊ கோ ஜெபத்தில் இருக்கிறார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று என்னைக் காட்டிப் பக்கத்து மேசைக்காரர்களை அதட்டுவார்.

நான் ஜெபத்தில் இல்லை. சீட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது இதை எழுத வைத்தது ஒரு கேக். நேற்று என் பிறந்த நாள். மத்தியானம், வழக்கம்போல கரண்ட் இல்லாத வேளையில், வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் கட்டிய ஓர் ஆள் ரங்கூனின் தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிகளை மூச்சு வாங்க ஏறி வந்தான். இங்கே மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம். பேப்பர், கீரை, காலைப் பலகாரமான மொஹிங்கா என்கிற மீன்சாறு நூடுல்ஸ் எல்லாம் அதில்தான் மேலே வரும். கேக்கைக் கயிற்றில் கட்டி இழுக்க முடியாதே, பாவம், ஏறி வந்தான். பெட்டிமேல் ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை: எங்கள் மதிப்புக்குரிய விருந்தாளிக்கு வாழ்த்துகள்.

அனுப்பியது, இந்த விருந்தாளியை இனி உள்ளே விடக்கூடாது என்று நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வைத்திருக்கிற அதே விடுதிதான். ஆளைத் துரத்துகிற இலாகாவும் கேக் அனுப்புகிற இலாகாவும் அங்கே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

மல்லிகா பெட்டியைத் திறந்து பார்த்தாள். என் மனைவி. கொள்ளுத் தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், பிறந்ததும் வளர்ந்ததும் தாமுவே.

"இத எங்க வைக்க?"

"ஃபிரிட்ஜ்ல வையி."

"கரண்டு?"

"அப்ப சாப்பிட்டுடலாம்."

"நீங்களே சாப்பிடுங்க. உங்க பேருக்குத்தான வந்திருக்கு, நோ?"

வாக்கிய முடிவில் இந்த "நோ" பர்மாத் தமிழர்களின் சொத்து. "அப்படித்தானே" என்று அர்த்தம். என் மனைவி சொன்னால் "தொலைந்து போ" என்றும் அர்த்தம் வரும். இரண்டாவது அர்த்தத்தில்தான் நேற்று சொன்னாள். மேசையில் கேக் உருகிக்கொண்டிருந்தது. எறும்புகள் மட்டும் மதிப்புக்குரிய விருந்தாளிகளாக வந்தன. எங்கள் ஒரே மகள் பினாங்கில் ஏதோ ஓட்டலின் சலவைக் கூடத்தில் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

2

ஊரில் இருந்தவரை நான் அரக்கோணம்–மெட்ராஸ் ரயிலின் சீசன் டிக்கெட்காரன். பாரிமுனையில் பருப்புக் கம்பெனியில் வேலை. காலையும் மாலையும் நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முழங்கால்களின் மேல் ஒரு துண்டை விரித்தால் அதுதான் சீட்டு மேசை. ஆட்டம் இருபத்தெட்டு. அதில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்காதவனுக்கு மரியாதை கிடையாது. "இஸ்பேட் ஜாக்கி போயிடுச்சுன்னு கூடத் தெரியாம நீயெல்லாம் எதுக்குடா துண்டைப் பிடிக்கற?" என்று திருநின்றவூர் தாண்டுவதற்குள் மானத்தை வாங்கிவிடுவார்கள். பயத்திலேயே எனக்கு ஞாபகசக்தி வந்துவிட்டது. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, போன சீட்டுகளைக் கணக்கு வைப்பேன். கடைக்காரர்கள் மூட்டை எண்ணுவதும் வீட்டில் சாமி பேரை எண்ணுவதும் இப்படித்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பத்தெட்டுக் கலவரம் அடங்கி, இந்த நாட்டில் தனியார் வியாபாரத்தைத் திறந்துவிட்ட கொஞ்ச நாளில், கம்பெனி என்னை உளுந்து வாங்க இங்கே அனுப்பியது. "ஆறு மாசம் இருந்துட்டு வா" என்றார்கள். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. கம்பெனி மூடிவிட்டது, நான் மூடவில்லை. கல்யாணம், வீடு, மகள், சொந்தத் தரகு எல்லாம் இங்கேதான்.

கோவிந்தராஜன் என்ற என் பெயர் பர்மியர் வாயில் நுழையாது. முதலில் "ஊ கோவின்" என்றார்கள், பிறகு அதுவும் தேய்ந்து "ஊ கோ" ஆனது. ஊ என்பது பெரியவர்களுக்கான மரியாதை, கோ என்பது இளையவர்களுக்கான மரியாதை. மரியாதை மட்டும் இரண்டு பங்கு இருக்கிறது, பெயரைக் காணோம்.

வருஷா வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் குடிவரவு அலுவலகத்தில் போய் நிற்பேன். ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு நகர்வதுதான் அங்கே முன்னேற்றம். "ஊ கோ, இந்தியாவில் முகவரி என்ன?" பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்வேன். அரக்கோணத்தில் அந்த வீட்டை இடித்து மொபைல் கடை கட்டிவிட்டார்கள். ஆனால் என் பாஸ்போர்ட்டின்படி நான் இன்றைக்கும் அந்தக் கடைக்குள்தான் குடியிருக்கிறேன். இந்த முகவரி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

இரண்டாயிரத்து எட்டில் நாட்டையே புரட்டிப்போட்ட புயலுக்கு அடுத்த வருஷக் கோடை. உளுந்து வியாபாரம் படுத்திருந்தது, கரண்ட்டும் படுத்திருந்தது. மத்தியான வெயிலில் வீட்டுக்குள் இருந்தால் வெந்துவிடுவோம். ஆற்றங்கரை ஓட்டல் ஒன்றின் இரண்டாம் மாடியில், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சூதாட்டக் கூடம் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் அங்கே வேலை செய்யலாம், விளையாடக்கூடாது. ஜெனரேட்டர், குளுகுளு காற்று, இலவச டம்பௌக். நம்ம பிரியாணிக்குப் பர்மியத் தம்பி அது. நான் சூதாடப் போகவில்லை. குளிர்காயப் போனேன் என்று சொல்ல முடியாது, குளிரக் குளிர உட்காரப் போனேன்.

இத்தனை வருஷமாக என் பாஸ்போர்ட் எனக்குத் தொல்லை மட்டுமே கொடுத்திருந்தது. அங்கேதான் முதன்முதலாக அதைப் பார்த்து ஒருவர் கும்பிட்டார். அரை நிமிஷத்தில் நகல் எடுத்து, பிறந்த தேதியைக் குறித்துக்கொண்டு, "வாங்க ஊ கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். குடிவரவு அலுவலகத்துக்கு இவர்களை அனுப்பிப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

பிளாக்ஜாக் எளிமையான ஆட்டம். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டல் இருபத்தொன்றைத் தாண்டாமல், டீலரின் கூட்டலைவிட அதிகமாக இருந்தால் ஜெயம். ஆரம்பத்தில் தோற்றேன். தோற்கிறவனுக்கு அங்கே நடக்கிற உபசாரத்தை மாமியார் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்பதற்கு முன் டீ வரும். "இன்னைக்கு அதிர்ஷ்டம் உங்க பக்கம் இல்ல, ஊ கோ" என்று ஊ சோ மிண்ட் என் தோள்மேல் கைவைத்து வருத்தப்படுவார். உண்மையிலேயே வருத்தப்படுவது போலவே இருக்கும். வீட்டுக்குப் போகக் கார் தரட்டுமா என்பார். அதை மட்டும் நான் வாங்கிக்கொள்ளவே மாட்டேன். ஓட்டல் வண்டியிலிருந்து தெருமுனையில் நான் இறங்கினால் மல்லிகாவுக்குத் தெரிந்துவிடும். ஷ்வேப்யிதா கிடங்குக்கு உளுந்து பார்க்கப் போகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். பஸ் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவேன்.

பிறகுதான் ரயில் ஞாபகம் வந்தது. மேசையில் சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால், மிச்சக் கட்டில் பெரியவை அதிகம். பெரியவை வந்தால் ஆடுகிறவனுக்கு லாபம். அப்போது பந்தயத்தை ஏற்ற வேண்டும், மற்ற நேரத்தில் சும்மா ஒப்புக்கு வைக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். சின்னச் சீட்டு விழுந்தால் கட்டைவிரல் ஒரு கணு ஏறும், பெரிது விழுந்தால் ஒரு கணு இறங்கும். சீட்டு எண்ணுகிறவனைப் பிடிக்க அவர்களுக்கு எத்தனையோ வழி தெரியுமாம். உதடு அசைகிறதா, சில்லறை அடுக்குகிறானா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் விரல் கணுவில் எண்ணுகிறவனை அவர்கள் பார்த்ததில்லை. ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்கள். மாலை இல்லாமலேயே ஜெபிக்கிற மகான்.

அங்கேதான் அந்தத் தெய்வக் களை வந்தது.

4

என் மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தேன். பள்ளியில் சூ சூ என்று எழுதிக்கொண்டார்கள். இந்த நாட்டில் தகப்பன் பெயர் பிள்ளை பெயரோடு ஒட்டாது. படிவத்தில் தகப்பனார் என்ற இடத்தில் ஊ கோ என்று இருக்கும்; ரங்கூனில் தெருவுக்கு நாலு ஊ கோ இருப்பார்கள். சின்ன வயதில் அப்பா என்றவள் பள்ளிக்கூடம் போனதும் பர்மிய வழக்கப்படி "பே பே" என்று ஆரம்பித்தாள். நானும் பே பே என்று விழித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். தமிழ் புரியும், பேச்சு பர்மியம். அவளுக்கு நான் கொடுத்த ஒரே சொத்து கணக்கு. மடியில் உட்கார்த்தி, விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டி, கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு மட்டும் அவள் வாயில் சுத்தமான அரக்கோணம்.

அந்த ஓட்டல் கம்பெனியில் அவளுக்கும் வேலை கிடைத்திருந்தது. கம்பெனிக்கு ரங்கூனில் இரண்டு ஓட்டல். ஏரிக்கரை ஓட்டலில் ரூம் பதிவு செய்யும் வேலை என்று வீட்டில் சொன்னாள். கெட்டிக்காரி என்பதால் சிங்கப்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். திரும்பி வந்தால் அதிகாரி. தகப்பன் வெளிநாட்டான் என்பதால் அவளுடைய பாஸ்போர்ட் நகரவே இல்லை. என்னைப் போலவே பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தாள். "என் பாஸ்போர்ட்டால எனக்குத்தான் கஷ்டம்னு நெனச்சேன், உனக்கும் சேர்த்தா?" என்று நான் சொன்னதற்குச் சிரித்தாள். அந்தக் கோடையில்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதைப் பூஜை அலமாரியில் வைத்தோம். பயணத்துக்கு மழை முடியட்டும் என்றிருந்தார்கள்.

சாப்பிடும்போது அவள் தினம் ஒரு கேள்வி கேட்பாள். அபூர்வமாகத் தமிழில்.

"பே பே, இன்னைக்கு உளுந்து எப்படி?"

தோற்ற நாளில், "ஈரம் ஜாஸ்திம்மா" என்பேன். ஜெயித்த நாளில், "காய்ஞ்சு கலகலன்னு இருக்கு" என்பேன். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். மகளுக்கு என் தொழிலில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு நாள் சாப்பாட்டின்போது, பழக்க தோஷத்தில் என் கட்டைவிரல் கணுவில் நடந்துகொண்டிருந்தது. அவள் எட்டி என் கையைப் பிடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்து அமுக்கினாள்.

"கைய சும்மா வைங்க, பே பே."

"ஏம்மா?"

"சும்மா வைங்க. வெளியிலயும்."

மல்லிகா சிரித்தாள். "அப்பாவ மெரட்டுறியா நீ?" நானும் சிரித்தேன். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான்.

5

ஜெயிக்க ஆரம்பித்த பிறகு உபசாரம் குறையவில்லை, கூடியது. அதுதான் நான் புரிந்துகொள்ளாதது. எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்போது ஒரு பெண் வந்து, "ஊ கோ, வீட்ல சௌக்கியமா? எத்தன பிள்ளைங்க? மூத்தவருக்கு என்ன வயசு?" என்று எண்களாகக் கேட்பாள். கணக்கு குழம்பும். பாதிக் கட்டு மிச்சமிருக்கும்போதே டீலர் சீட்டைக் கலைத்துவிடுவாள். டீலரே மாறுவாள். நாற்காலி மாறும். என் மேசையில் மட்டும் பந்தயத்துக்கு உச்சவரம்பு இறங்கும். எல்லாம் புன்னகையோடு. அத்தனையையும் என் பக்திக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்த ஒரே சூதாடி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் மேசைக்கு எதிரே ஒரு வெளிநாட்டு ஆள் நின்றான். சிரிக்காத ஆள். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. தெய்வக் களை வீணாய்ப் போனது. பந்தயத்தை மட்டும் பார்த்தான்.

ஊ சோ மிண்ட் என் தோளில் கைவைத்தார். "ஊ கோ, ஒரு டீ சாப்பிடலாம், வாங்க."

டீ இங்கேயே வருமே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஜன்னலில்லாத ஓர் அறை. என் கால்கள் எனக்கு முன்னாலேயே அங்கிருந்து ஓடிப்போய்விட்டன என்று நினைக்கிறேன், இடுப்புக்குக் கீழே ஒன்றையும் காணோம். இரண்டு கைகளையும் லுங்கி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். விரலை உடைப்பார்கள் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. எந்த விரலை? எண்ணியது கட்டைவிரல்தான், மற்றவை சும்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன, அவற்றை விட்டுவிடச் சொல்லிக் கேட்கலாமா என்று வழக்கறிஞர் மாதிரி யோசித்தேன். மனதுக்குள் உயிலும் எழுதினேன். குடை மல்லிகாவுக்கு. செருப்பு, கேட்பவர்களுக்கு. மகளுக்கு என்ன கொடுப்பது என்ற இடத்தில் உயிலை நிறுத்திவிட்டேன்.

டீ வந்தது. நல்ல டீ, பாலாடை மிதந்தது.

"ஊ கோ, நீங்க ரொம்பத் திறமைசாலி" என்றார் ஊ சோ மிண்ட். "எங்களுக்குத் தாங்காது. இனிமே பிளாக்ஜாக் வேண்டாம். சக்கரம் சுத்துறது இருக்கு, மெஷின் இருக்கு, ஒங்க வீடு மாதிரி வந்து ஆடுங்கன்னு நான் சொல்லுவேன். ஆனா மேலே இருக்கறவங்க, வரவே வேண்டாம்னுட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு போட்டோ மட்டும்."

எடுத்தார்கள். மற்ற ஊர் விடுதிகளுக்கும் அந்தப் படம் போகுமாம். ஜெயித்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. தலைக்குள் எண்ணுவது குற்றமில்லையாம். ஆனால் வீடு அவர்களுடையது, யாரை உட்கார வைப்பது என்பது அவர்கள் இஷ்டம். அரக்கோணம் ரயிலில் ஞாபகம் இல்லாதவனைத் துரத்துவார்கள், இங்கே ஞாபகம் இருக்கிறவனை. எப்படியிருந்தாலும் துரத்தப்படுகிற ஆள் நானாக இருக்கிறேன்.

"கால் நடுங்குது ஒங்களுக்கு" என்றார் ஊ சோ மிண்ட். "கம்பெனி வண்டி கொண்டுபோய் விடட்டும்."

அன்றைக்கு மட்டும், முதல் முறையாக, சரி என்றேன்.

6

வண்டி தாமுவே பக்கம் திரும்பும்வரை ஆற்றுக்குள் தள்ளப் போகிறார்கள் என்றே நினைத்தேன். ஆற்றைத் தாண்டித் தன்லியின் ஊருக்குப் போகிற பாலத்தின் வழிப்பலகையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எங்கள் தெரு. பத்து விரலும் பத்திரமாக இருந்தன. சந்தோஷத்தில் சந்தைக்குப் போய் ஒரு பெரிய விரால் மீன் வாங்கி வந்து மல்லிகாவிடம் கொடுத்தேன்.

"என்ன, உளுந்து வித்துடுச்சா?"

"உளுந்த விடு. இனிமே ஷ்வேப்யிதா பக்கமே போறதில்ல."

"நெசமாவா? சாமி மேல?"

மீன் குழம்பு கொதிக்கும்போது சூ சூ வந்தாள். வரவேண்டிய நேரமில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஓட்டலில் போடும் செருப்பு, சாப்பாட்டுக் கேரியர், ஒரு சீப்பு. கம்பெனி மேல்சட்டை இல்லை.

மல்லிகா கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னடி, ஒடம்பு சரியில்லையா?"

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பே பே, இன்னைக்கு உளுந்து எப்படி?"

நான் ஏதோ ஜோக் சொல்ல நினைத்தேன். 

அவள் உட்கார்ந்து பர்மியத்தில் சொன்னாள். அழவில்லை. அவளுக்கு வேலை ஏரிக்கரை ஓட்டலில் இல்லை. சூதாட்டக் கூடத்து வேலைக்கு அம்மா விடமாட்டாள் என்பதால் பொய் சொல்லியிருந்தாள். அவள் வேலை ஆற்றங்கரை ஓட்டலில், நான் உட்கார்ந்த மேசைக்கு மேல் மாடியில், கேமராப் படங்களைப் பார்க்கும் அறையில். முதல் நாளே என்னைப் பார்த்துவிட்டாள். வேலைக்காரர்களின் குடும்பத்தார் அங்கே விளையாடக் கூடாது. தெரிந்தும் மறைத்தால் வேலை போகும். தோற்றுவிட்டுத் தானாகவே நின்றுவிடுவேன் என்று காத்திருந்தாள். அப்புறம் என் கட்டைவிரல் நடக்க ஆரம்பித்ததைப் பார்த்தாள்.

"அந்தாளு விரல்ல என்ன பண்றான்னு சூப்பர்வைசர் எல்லாரையும் கேட்டாரு. யாருக்கும் தெரியல. நீயும் காலா தானே, நீ சொல்லுன்னாரு." இந்தியர்களுக்கு இங்கே அந்தப் பெயர். "எங்க ஆளுங்க சாமி பேர இப்படித்தான் விரல்ல எண்ணுவாங்க, அது ஜெபம்னு நான் சொன்னேன். அத ஊ சோ மிண்ட்கிட்டயும் சொல்லிட்டாங்க."

தெய்வக் களை வந்த வழி அதுதான்.

"கைய சும்மா வைங்கன்னு சொன்னேன்ல?" இது தமிழில்.

"என்னை நிறுத்தினதோட முடிஞ்சிடுச்சேம்மா" என்றேன். "போட்டோ மட்டும்தான எடுத்தாங்க? நீ என் மகள்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அத நீங்கதான் சொல்லணும், பே பே."

மல்லிகா அடுப்பை அணைத்தாள். மீனை யாரும் சாப்பிடவில்லை.

சிங்கப்பூர் போயிற்று. கூட்டுக் களவு என்று சந்தேகித்து அவளையும் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ரங்கூனில் எந்த ஓட்டலிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஓர் ஏஜென்ட் மூலம் பினாங்குக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் வரும், பர்மியத்தில். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "பே பே கூடப் பேசுறியா?" என்று மல்லிகா கேட்பாள். லைனில் பணம் தீர்ந்துபோகும்.

நான் வண்டியில் வந்த அன்று நடந்தது இதுதான். வேலைக்காரர்களைக் காலையில் ஏற்றி, வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுகிற வண்டியை இங்கே ஃபெர்ரி என்பார்கள். ஃபெர்ரி ஓட்டுகிற ஆளைத்தான் அன்றைக்கு என்னோடு அனுப்பியிருந்தார்கள். என் பாஸ்போர்ட்டில் அரக்கோணம்தான் இருந்தது. தாமுவே முகவரியை நானே வாயால் சொல்லித்தான் வண்டி வந்தது. வாசலில் நிறுத்தியதும் அவன் மாடியை அண்ணாந்து பார்த்து, "இது நம்ம சூ சூ வீடாச்சே?" என்று கேட்டான். தெருவில் பார்த்த பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விரல்கள் தப்பிய சந்தோஷம் வேறு.

"ஆமாம்" என்றேன். "என் மகள்."